குரங்கைத் துரத்தியது போதும், நாய்க்கு ஊசி போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு குடும்பம் செத்த குரங்கைப் பையில் கட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது. வெறி பிடித்த குரங்காம், பரிசோதித்தே ஆகவேண்டுமாம். பார்த்தோம். ரேபிஸ் (வெறிநோய்) இல்லை. உடம்பில் இருந்தது யாரோ சுட்ட பெல்லட் குண்டு. வீட்டுப் பெரியவரிடம் போனில் பேசும்போதுதான் தெரிந்தது, இரண்டு நாளைக்கு முன் அவர்கள் வீட்டு நாய்க்குட்டி செத்துப்போய்க் கொல்லையில் புதைத்திருக்கிறார்கள். "அது சின்னக் குட்டிங்க டாக்டர், தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சு" என்றார். தோண்டி எடுக்கச் சொன்னோம். மூளைத் தண்டிலிருந்து எடுத்த மாதிரியை ஒளிர் நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்புப் பின்னணியில் பச்சைப் பொட்டுகள் வாரி இறைத்த மாதிரி மின்னின. ரேபிஸேதான். குட்டியின் வாய்க்குள் கைவிட்டு எலும்பைத் தேடியவர் அந்த வீட்டுப் பாட்டி. அவருக்கும், குட்டியோடு விளையாடிய பிள்ளைகளுக்கும் அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள்.

எத்தனை முறை இதையே சொல்வது?

காட்டு விலங்குகளின் நோய்கள்தான் என் ஆராய்ச்சி. அதனால் காட்டு விலங்கின் மேல் பழிபோட என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த நாட்டில் ரேபிஸ் காட்டிலும் உண்டு, மறுக்கவில்லை. உள்நாட்டு மேட்டுச் சமவெளியில் மஞ்சள் கீரி, வடக்கே கருமுதுகு நரி, மேற்கின் வறண்ட பகுதிகளில் வௌவால்காது நரி. 2024-ல் கேப் கடற்கரையின் கடல்நாய்களிலும் கண்டுபிடித்தார்கள். வைரஸின் மரபணு வரிசையைப் படித்தால் அது எந்த விலங்கின் வழி வந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 1976-ல் திரும்பி வந்த ரேபிஸ் நாய் வழி வந்தது. இன்றுவரை நாய் வழியாகத்தான் சுற்றுகிறது.

இங்கே வீடுகளுக்குள் வரும் வெர்வெட் குரங்குக்கு ரேபிஸ் வருவது மிக மிக அரிது. அது பல்லைக் காட்டுவது மிரட்டலுக்கு. தள்ளாடினால் கார் மோதியிருக்கும், மின்கம்பியில் அடிபட்டிருக்கும், யாராவது விஷம் வைத்திருப்பார்கள். சமையலறை ஜன்னல் வழியாக வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பசி, வெறி அல்ல. பழத்தை மூடி வையுங்கள், குப்பைத்தொட்டியை இறுக்கி மூடுங்கள். தயவுசெய்து சுடாதீர்கள். குரங்கு கடித்தே விட்டால் அதற்கும் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும், துப்பாக்கியைத் தேட வேண்டாம்.

"எங்க நாய் கேட்டைத் தாண்டாது" என்பது அடுத்த பேச்சு. தெருநாய் கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைக்குமே! குட்டி என்றால் இன்னும் அலட்சியம். குட்டியின் பல்லிலும் எச்சில்தான் இருக்கிறது. நாய் திடீரென்று சுபாவம் மாறினால், குரல் கம்மினால், எச்சில் ஒழுகினால், பின்னங்கால் இழுத்தால், வாயைத் திறந்து பார்க்காதீர்கள். அடைத்து வைத்துவிட்டு அரசு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். செத்துவிட்டால் புதைக்காதீர்கள், எங்களுக்கு அந்தத் தலை வேண்டும்.

நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தில் எச்சில் பட்டாலும், உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள் வேண்டாம், காப்பித்தூள் வேண்டாம். அப்படியே கிளினிக்குக்குப் போங்கள். முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 14 நாட்கள் கழித்து என்று ஊசி, கையில்தான். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதெல்லாம் பழங்கதை. ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்தாதீர்கள். நோய்க்குறி தோன்றிய பிறகு எங்களாலும் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது.

நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்துக்குள் இன்னொன்று, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அரசு முகாம்களில் காசு கிடையாது.

கோவில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். தைப்பூசக் காவடிக்கு முன் ஒரு சனிக்கிழமை கோவில் வாகன நிறுத்தத்தில் ஒரு மூலையை முகாமுக்குக் கொடுங்கள், முந்தின வாரப் பூஜையில் மைக்கில் அறிவியுங்கள். மேசையும் தண்ணீர்க் குழாயும் நிழலும் இருந்தால் போதும். மருந்துக்கும் ஆட்களுக்கும் கால்நடைத் துறையிடம் நானே பேசுகிறேன்.