கரடி பொம்மையின் மூக்கு எப்படிக் குட்டையானது?

நூறு வருடத்துக்கு முந்தைய கரடி பொம்மை ஒன்றின் படத்தைத் தேடிப் பாருங்கள். நீண்ட மூக்கு, சரிந்த நெற்றி, முதுகில் திமில் என்று நிஜக் கரடியின் சாயல் அப்படியே இருக்கும். இன்றைய டெடி பேரோ கம்பளி போர்த்திய கைக்குழந்தை மாதிரி இருக்கிறது.

1902-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டையில் கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அதைக் கிளிஃபோர்ட் பெரிமன் கார்ட்டூனாக வரைந்தார். புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் தம்பதி துணியில் கரடி தைத்து, ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரான 'டெடி'யை அதற்கு வைத்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியின் ஷ்டைஃப் நிறுவனமும் ஒரு கரடியைச் செய்தது.

விலங்கியல் அறிஞர் ராபர்ட் ஹைண்டும் பார்டனும் பல காலகட்டத்துக் கரடி பொம்மைகளின் முகத்தை அளந்து 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருடங்கள் போகப் போக நெற்றி உயர்ந்திருக்கிறது, மூக்கு சுருங்கியிருக்கிறது. காரணத்தை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே சொல்லியிருந்தார்: பெரிய தலை, உயர்ந்த நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம். இந்தச் சேர்க்கையைக் கண்டாலே மனிதருக்குப் பராமரிக்கும் உணர்வு கிளம்பிவிடும், அது பஞ்சு அடைத்த துணியாகவே இருந்தாலும்.

மூக்கைக் குறைப்போம் என்று எந்த நிறுவனமும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கத் தேவையில்லை. விற்ற கரடியைப் பார்த்து அடுத்த கரடி தைக்கப்படும். விற்காதது பரணுக்குப் போகும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை இங்கே கல்லாப்பெட்டி செய்கிறது.

சரி, தேர்ந்தெடுத்தது யார்? குழந்தைகள்தான் என்று நானும் நினைத்திருந்தேன். 1995-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 6, 8 வயதுக் குழந்தைகள் குழந்தை முகம் கொண்ட கரடியை விரும்பினார்கள். 4 வயதுக் குழந்தைகளிடம் அந்த விருப்பமே இல்லை. கரடியைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் வயதுக்காரர்களுக்கு மூக்கு ஒரு பொருட்டில்லை. காசு கொடுக்கும் பெரியவர்களுக்குத்தான் மனம் இளகியிருக்கிறது.

பார்பி இதற்கு நேர் எதிர். தன் மகள் காகிதப் பொம்மைகளைப் பெரியவர்களாகப் பாவித்து விளையாடுவதைக் கவனித்த ரூத் ஹேண்ட்லர், 1959-இல் வளர்ந்த பெண்ணின் உடலோடு பார்பியைக் கொண்டுவந்தார். தாலாட்ட அல்ல, 'நான் பெரியவளானால்' என்று விளையாட. விற்பனைக்கு முன் அவருடைய மேட்டல் நிறுவனம் கருத்துக் கேட்டபோது சிறுமிகளுக்குப் பிடித்தது, அம்மாக்கள் முகம் சுளித்தார்கள். அம்மாக்கள் கையில் விட்டிருந்தால் பார்பி அன்றே பரணேறியிருக்கும். ஆனால் மேட்டல் 1955-லிருந்தே குழந்தைகள் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விளம்பரம் செய்துவந்தது. கடைக்கு வருவதற்கு முன்பே என்ன வேண்டும் என்று சிறுமிக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு மிஞ்சியது பணம் கொடுக்கும் வேலை.