மைக்காட்டிக் அனியூரிசம்: சொல் விளக்கம்

எண்டோகார்டைடிஸ் எனப்படும் இதய உள்ளுறை அழற்சி கண்டவர்களின் மூளை ஸ்கேன் அறிக்கையில் சில வேளைகளில் ‘மைக்காட்டிக் அனியூரிசம்’ என்ற தொடர் இடம்பெறும். தொற்றால் நலிந்த தமனிச் சுவர் ஓரிடத்தில் புடைத்து நிற்பதை அது குறிக்கிறது. இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பூஞ்சைத் தமனி வீக்கம்’ என்றே வரும். அப்பெயரோ நோயின் காரணத்தையே தவறாகச் சொல்லிவிடும்.

‘மைக்கேஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காளான் என்று பொருள். ‘அனியூரிஸ்மா’ என்பது விரிந்து அகன்றதைக் குறிக்கும். 1885-இல் லண்டனில் ஆற்றிய ‘கல்ஸ்டோனியன்’ என்னும் மருத்துவச் சொற்பொழிவுகளில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இத்தொடரைக் கையாண்டார். இதய வால்வில் தொற்றுக்கட்டிகள் கொண்ட ஒருவரின் பெருந்தமனியில் அவர் கண்ட புடைப்புகளே அதற்கு அடிப்படை. பாக்டீரியாக்களையும் ‘பிளவுப் பூஞ்சைகள்’ என்று வகைப்படுத்திய காலம் அது. ஆகவே அவர் காலத்து அறிவுக்கு அப்பெயர் பொருந்தியே இருந்தது. வகைப்பாடு பின்னர் மாறியது, பெயர் மட்டும் மாறாமல் நிலைத்துவிட்டது.

உண்மையில் இங்கே பெரும்பாலும் காரணமாவன ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களே. வால்விலிருந்து பிய்ந்த தொற்றுத் துணுக்கு இரத்த ஓட்டத்தோடு சென்று, மூளையின் நடுத் தமனியின் கடைக்கிளைகள் பிரியுமிடத்தில் சிக்கிக்கொள்கிறது. அங்கே கிருமிகள் தமனிச் சுவரை அரிக்க, நலிந்த சுவர் இரத்த அழுத்தம் தாங்காமல் வெளியே புடைக்கிறது. அது வெடித்தால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும். இத்தகைய நோயாளிக்குப் பக்கவாதம் வரும்போது, வழக்கமாகத் தரும் உறைகட்டி கரைக்கும் மருந்தைத் தரக்கூடாது என்று மருத்துவ நெறிமுறைகள் வலியுறுத்துவதற்கு இந்த இரத்தக்கசிவு அபாயமே முதன்மைக் காரணம். வெடிக்காத சிறு புடைப்புகள், பல வாரங்கள் சிரை (இரத்தக் குழாய்) வழியே செலுத்தப்படும் ஆன்டிபயாட்டிக்கால் சுருங்கி மறைவதும் உண்டு. பாக்டீரியாவுக்கான அம்மருந்து பூஞ்சைக்குப் பயன்படாது என்பதால், பெயரைத் திருத்திச் சொல்வதை வெறும் மொழித்தூய்மையாக நான் கருதவில்லை.

தமிழில் ‘தொற்றுசார் தமனிப் புடைப்பு’ என்பதே ஏற்றது. ‘வீக்கம்’ என்றால் நீர் கோத்தல், அழற்சி என்றெல்லாம் பொருள் விரியும். சுவர் ஓரிடத்தில் பிதுங்கி நிற்பதைப் ‘புடைப்பு’ தெளிவாகக் காட்டுகிறது. கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளே காரணமென உறுதியாகும் அரிய நோயாளிகளுக்கு மட்டும் ‘பூஞ்சைசார் தமனிப் புடைப்பு’ என்று எழுதலாம்.