அரைக் காசுத் திருடன் அகப்படுவது எப்படி?

தொலைக்காட்சித் திரில்லர் ஒன்றைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வங்கியில் வேலை பார்க்கும் புரோகிராமர் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் ஒரு காசுக்கும் குறைவாகச் சுரண்டித் தன் கணக்கில் போட்டுக்கொள்கிறான். யாருக்கும் தெரியாமலே பணக்காரன் ஆகிவிடுகிறான். இது நிஜமாகவே நடக்குமா?"

சுரண்டுவது நடக்கும். சலாமி என்ற இறைச்சியை மெல்லிசாகச் சீவி எடுப்பது போல இருப்பதால் இதற்குச் 'சலாமித் திருட்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் 'யாருக்கும் தெரியாமலே' என்பது நடக்காது. ஏன் நடக்காது என்பதற்குப் பின்னால் இருக்கும் கணிதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

நாணயம் எதுவானாலும் அதன் நூற்றில் ஒரு பங்கைக் காசு என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 12,347 இருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம். ஒரு நாள் வட்டியைக் கணக்கிட்டால் 219.878 காசு வரும். முக்கால் காசு, கால் காசு எல்லாம் கொடுக்க முடியாதே, அதனால் வங்கி அதை 220 என்று முழுமைப்படுத்துகிறது. உங்களுக்கு 0.122 காசு லாபம். இன்னொருவருக்கு 219.3 வந்தால் 219 ஆகும், அவருக்கு 0.3 காசு நஷ்டம். திரில்லர் கதாநாயகன் செய்வது வேறு. தசமப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் வெட்டிவிடுகிறான். உங்களுக்கு 219 மட்டும். மிச்சம் 0.878 அவனுடைய பைக்குள்.

இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம், ஒரு காசுக்குள்தானே என்று தோன்றும். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையிலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பிறகும் கம்ப்யூட்டர் அதைப் புதுப்பித்து, மூன்று தசம இடங்களை வைத்துக்கொண்டு மீதியை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிட்டது. ஒரு வெட்டில் போவது சராசரியாக 0.0005 புள்ளி. நாளொன்றுக்குச் சுமார் 3000 வெட்டு. அப்படியானால் தினமும் ஒன்றரைப் புள்ளி அளவுக்குக் காற்றில் போகிறது. சந்தை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, குறியீடு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. 1983 நவம்பரில் அது 525-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது கிடைத்த எண் 1098.892! அங்கே யாரும் எதையும் திருடவில்லை. வெட்டியது மட்டும்தான்.

சரி, வெட்டாமல் முழுமைப்படுத்தினால் மட்டும் பிழை சேராதா? சேரும். ஆனால் எப்படிச் சேர்கிறது என்பதில்தான் அழகு இருக்கிறது.

ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்கிறீர்கள். காசைச் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் வலப்பக்கம் ஓரடி, பூ விழுந்தால் இடப்பக்கம் ஓரடி வைக்கிறீர்கள். நூறு அடி வைத்த பிறகு கம்பத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பீர்கள்? நூறடி தூரம் போயிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் பாதி அடிகள் மீதிப் பாதியை அழித்துவிடும். அதற்காகச் சரியாகக் கம்பத்தடியில்தான் நிற்பீர்கள் என்றும் சொல்ல முடியாது. இதைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. தூரத்தைப் பார்க்காமல் தூரத்தின் வர்க்கத்தைப் பாருங்கள். இப்போது கம்பத்திலிருந்து 5 அடியில் இருக்கிறீர்கள், வர்க்கம் 25. அடுத்த அடியில் 6-க்குப் போகலாம், வர்க்கம் 36. அல்லது 4-க்குத் திரும்பலாம், வர்க்கம் 16. இரண்டின் சராசரி 26. ஒன்று கூடியிருக்கிறது. 5-க்குப் பதில் 50-ல் இருந்து பாருங்கள்: 51-ன் வர்க்கம் 2601, 49-ன் வர்க்கம் 2401, சராசரி 2501. அதே ஒன்றுதான்! எங்கே நின்றாலும், ஒவ்வோர் அடிக்கும் வர்க்கத்தின் சராசரி மிகச் சரியாக ஒன்று கூடுகிறது. நூறு அடிக்குப் பிறகு அது 100. வர்க்கமூலம் எடுத்தால் தூரம் சுமார் 10. பத்தாயிரம் அடி வைத்தாலும் 100-தான்.

முழுமைப்படுத்தும் பிழையும் இப்படித்தான் நடக்கிறது. அடியின் நீளம் மட்டும் மாறுகிறது: அரைக் காசு இடப்பக்கத்துக்கும் அரைக் காசு வலப்பக்கத்துக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதன் வர்க்கத்தின் சராசரி பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே 10 லட்சம் கணக்குகள் உள்ள வங்கியில் ஒரு நாளின் மொத்தப் பிழை, 10 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது: சுமார் 289 காசு. மூன்று முழு நாணயம்கூட இல்லை.

இப்போது திருடனைப் பாருங்கள். அவன் அடி ஒரே பக்கம்தான் விழுகிறது. கணக்குக்குச் சராசரியாக அரைக் காசு, 10 லட்சம் கணக்குக்கு 5 லட்சம் காசு, அதாவது 5000 நாணயம். இயல்பாக வரக்கூடிய பிழையைப் போல 1700 மடங்குக்கும் மேல். இருட்டில் தீப்பந்தம் ஏற்றியது போலத் தெரியும்.

அவன் கெட்டிக்காரனாக இருந்தால், வெட்டிய மிச்சம் முழுவதும் தன் கணக்குக்குப் போவதால் வங்கியின் மொத்தக் கூட்டல் சரியாகத்தானே இருக்கும் என்பான். இருக்கும், அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும். நேர்மையான கூட்டலில் ஒரு நாள் 200 காசு கூடும், ஒரு நாள் 350 காசு குறையும். தினமும் துல்லியமாகப் பூஜ்யம் வந்தால் எந்தத் தணிக்கையாளருக்கும் சந்தேகம் வரும். அப்புறம் அவர் கிளைவாரியாகப் பிரித்துப் பார்ப்பார். பத்தாயிரம் கணக்கு உள்ள கிளையில் 29 காசு அளவில் விலகல் வரலாம். வந்திருப்பதோ 5000 காசு பற்றாக்குறை. எல்லாக் கிளையிலும் பற்றாக்குறை, ஒரே ஒரு கிளையில், ஒரே ஒரு கணக்கில் உபரி.

பிழையின் மறைவில் ஒளிந்துகொள்ள வேண்டுமானால் அவன் நாளைக்கு இரண்டு மூன்று நாணயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூறு நாள் தொடர்ந்தால் அதுவும் உதவாது, ஏனென்றால் அதற்குள் அவன் எடுத்தது நூறு மடங்கு ஆகியிருக்கும், மறைவிடம் பத்து மடங்குதான் வளர்ந்திருக்கும்.

சரியாக அரைக் காசில் வந்து நின்றால் என்ன செய்வது? எப்போதும் மேலே ஏற்றினால் அதுவும் ஒரு பக்கச் சாய்வுதான். அதனால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறை ஒன்று உண்டு. 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். பாதி நேரம் ஏற்றம், பாதி நேரம் இறக்கம். 'வங்கியாளர் முறை' என்றே இதைச் சொல்வார்கள். கம்ப்யூட்டர்கள் பின்ன எண்களை இரும (பைனரி) முறையில் எப்படிக் கணக்கிட வேண்டும் என்று சொல்லும், 1985-ல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரநிர்ணயமும் இதையே இயல்பான முறையாக வைத்தது. அவ்வளவு சின்ன இடத்தில்கூடச் சாய்வு வரக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம்.

பெரிய திருட்டுகள் இந்த வழியில் நடக்கவில்லை. 1978-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டான்லி ரிஃப்கின் என்ற கம்ப்யூட்டர் ஆலோசகர், ஒரு வங்கியின் பணம் அனுப்பும் அறையில் எழுதி வைத்திருந்த அன்றைய ரகசியக் குறியீட்டை மனப்பாடம் செய்துகொண்டு, போன் போட்டே 1.02 கோடி டாலரை அனுப்பச் செய்தார். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போனபோது, பரிமாற்றங்களைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரைத் திருடர்கள் முடக்கியிருந்தார்கள். கணக்குப் பார்க்கும் கண்ணைத்தான் முதலில் மூடினார்கள்.

இதன் மறுபக்கம் என்னை வருத்துகிறது. கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது என்பது நம் காலத்து மூடநம்பிக்கை. பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட தபால் நிலைய நடத்துநர்கள், 'ஹொரைசன்' என்ற மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை முக்கிய ஆதாரமாக வைத்துக் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். பிழை மென்பொருளில் இருந்தது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. பள்ளியில் சராசரியைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு, சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறல் இயல்பு என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எந்தப் பற்றாக்குறை மனிதனுடையது, எது இயந்திரத்தினுடையது என்று கேட்கவாவது தெரிய வேண்டும்.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அப்படியானால் என் கணக்கில் போகும் அந்த அரைக் காசுகள் எங்கேதான் போகின்றன? எங்கும் போவதில்லை. தினமும் முழுமைப்படுத்தும் வங்கியில், 365 நாளுக்குப் பிறகு உங்கள் கணக்கு உண்மையான தொகையிலிருந்து ஐந்தரைக் காசு அளவில் விலகியிருக்கும், கூடுதலாகவோ குறைவாகவோ. திரில்லர் கதாநாயகன் அங்கே வேலை பார்த்திருந்தால் 182 காசு குறைந்திருக்கும்.