பாசிப்பயறு டப்பாக்குள்ள வண்டு எப்படி வருது?

தொண்டி பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, "தம்பி, பாசிப்பயற நல்லா காயவச்சு இறுக்கி மூடித்தான் வச்சேன், ஒரு மாசம் கழிச்சு தொறந்தா வண்டா ஓடுது, பயறுல தானாவே உண்டாகுமா?"ன்னு.

தானா உண்டாகாதுக்கா. அமாவாசையில மூடுனதால, கண்ணு பட்டதாலன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. காட்டுல நெத்து காயும்போதே தாய் வண்டு வந்து முட்டையை ஒட்டிட்டுப் போயிரும், அறுப்போட அதுவும் வீட்டுக்கு வந்துருது. முட்டைக்கு அடியில இருந்தே புழு நேரா பயறுக்குள்ள துளைச்சுப் போயிரும், அப்ப வர்ற தூளு முட்டை ஓட்டுக்குள்ள அடையுறதாலதான் பயறு மேல வெள்ளைப் புள்ளி தெரியுது. நம்ம கடக்கரை வெக்கைக்கு 3, 4 வாரத்துல வட்டமா மூடியத் தள்ளிக்கிட்டு வண்டு வெளிய வந்துரும்.

இனிதான் விஷயமே. வெளிய வந்த வண்டுக்கு சாப்பாடே தேவையில்ல, இருக்கப்போற ஒரு வாரம் பத்து நாளுக்கும், போடப்போற முட்டைக்கும் வேண்டிய சத்து எல்லாம் அது புழுவா இருந்தப்ப அந்த ஒத்தப் பயறுக்குள்ள தின்னு சேத்ததுதான், கட்டுச்சோறு மாதிரி. ஒரே பயறுக்குள்ள நாலு புழு நெருக்குனா வர்ற வண்டு சின்னதா வரும், முட்டையும் கம்மி. அதனால தாய் ஒவ்வொரு பயறா ஏறித் தடவிப் பாத்து, முட்டை இல்லாததா தேடி ஒட்டும். எல்லாத்துலயும் ஒன்னொன்னு ஆயிருச்சுன்னா அடுத்த ரவுண்டுல எதுல கம்மியோ அதுக்குப் போகும். மூளை எவ்வளவு இருக்கும் அதுக்கு!

பக்கத்து திருநெல்வேலியில 1979ல புடிச்ச வண்டோட வம்சம் அமெரிக்காவுல லேப்ல இன்னும் வளருது. பாசிப்பயறு சின்னது, ஒரு வண்டுக்குத்தான் காணும், அதனால உள்ள இருக்குற புழுக்கள் ஒன்னோட ஒன்னு சண்டை போட்டு பெரும்பாலும் ஒன்னுதான் மிஞ்சும். இதே வம்சத்த பெரிய தட்டைப்பயறுல பல தலைமுறை வளத்தா அந்தச் சண்டை கொறஞ்சிருது, தாயும் முன்ன மாதிரி கறாரா தேடுறதில்ல. முழு மைசூர் பருப்புல விட்டப்ப மொதல்ல நூத்துக்கு ஒன்னு ரெண்டுதான் பொழைச்சுச்சு, ஒரு 20 தலைமுறையில 80க்கு மேல போயிருச்சு! நம்ம ஊரு வண்டு, ஆராய்ச்சி அங்க. ராக்கெட்டுக்கு குடுக்குறதுல கொஞ்சம் இந்த மாதிரி வேலைக்கும் குடுக்கலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

அக்கா, அடுத்த தடவ மூடுறதுக்கு முன்னாடி வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சு எடுங்க, உள்ள இருக்குற புழுவும் செத்துரும். இல்லன்னா ஒடச்சு தோல் நீக்கிப் பருப்பாக்கி வைங்க, அதுல இந்த வண்டு அவ்வளவா ஏறாது.