ஒரே பிரிண்டர், மூன்று இயங்குதளங்கள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகள் மூன்றும் ஒரே வைஃபையில் இருக்கின்றன. பிரிண்டரும் அதே வைஃபையில்தான். ஆனாலும் ஒன்றிலிருந்து அழகாக அச்சாகும், இன்னொன்றிலிருந்து கொடுத்தால் பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் வந்து விழும். உடனே நெட்வொர்க் மீது சந்தேகம் வரும். குறிகள் வருகின்றன என்றாலே தகவல் பிரிண்டரைச் சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள். வந்த தகவலைப் படிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

ஓர் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் அச்சிட, சுமார் மூன்றரைக் கோடி புள்ளிகளை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கை யார் போடுவது? 1984இல் அடோபி கொண்டுவந்த, பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த பிரிண்டர், பக்க விவரிப்பை வாங்கிக்கொண்டு தானே கணக்குப் போட்டுவிடும். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் அந்த வேலையைக் கணினியிடம் தள்ளிவிட்டு, தங்களுக்கே உரிய வடிவத்தில் புள்ளிகளை எதிர்பார்க்கும். அந்த வடிவத்தை உருவாக்குவதுதான் டிரைவர். விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் மேக்கில் ஓடாது. லினக்ஸுக்குத் தயாரிப்பாளர் எழுதவே இல்லை என்றால், நன்றாக உழைக்கும் இயந்திரம்கூட அங்கே பயன்படாமல் போகும்.

விண்டோஸின் பழைய பகிர்வு முறை இதைத் தீர்க்கவில்லை. பிரிண்டர் இணைந்த கணினி, தன் டிரைவரையே மற்ற கணினிகளுக்கு அனுப்பி நிறுவ வைக்கும். விண்டோஸுக்குள் இது வசதி. மேக்குக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பாதுகாப்புக்கும் ஆபத்து. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்த பிறகு, இப்படி டிரைவர் நிறுவுவதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கட்டுப்படுத்தியது.

உண்மையான தீர்வு ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) என்ற நெறிமுறையிலிருந்து வந்தது. இணையப் பக்கங்கள் வந்துசேரும் எச்டிடிபி மீதே அமைந்தது இது. 631ஆம் போர்ட்டில் இயங்கும். இதன் சிறப்பு, பிரிண்டரிடம் கேள்வி கேட்க முடிவதுதான். எந்தத் தாள் இருக்கிறது, இருபுறமும் அச்சிடுவாயா, எந்த வடிவத்தை ஏற்பாய் என்று கணினி கேட்கும். பதிலைப் பார்த்து பிடிஎஃப் ஆகவோ பொதுவான புள்ளிப்பட வடிவிலோ அனுப்பும். தனி டிரைவரே தேவையில்லை. 2010இல் ஐபோனிலிருந்து அச்சிட ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்ததும் இந்த வழி பரவலானது. ஃபோனில் பிரிண்டர் டிரைவர் நிறுவ வழியில்லாததால், பிரிண்டர்கள்தான் மாற வேண்டியிருந்தது. இன்று மேக்கும் லினக்ஸும் மட்டுமல்ல, விண்டோஸ் 11உம் ஐபிபி பேசும்.

சரி, பழைய யுஎஸ்பி பிரிண்டர் என்றால்? மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999இல் வெளியான கப்ஸ் என்ற, அச்சிடும் வேலையைக் கவனிக்கும் மென்பொருள் இருக்கிறது. ஆப்பிள் 2002இலேயே இதை மேக்கில் சேர்த்துக்கொண்டது. எப்போதும் ஓடும் ஒரு சிறிய லினக்ஸ் கணினியில் கப்ஸையும் அந்தப் பிரிண்டருக்கான டிரைவரையும் நிறுவிப் பகிர்ந்தால், மற்ற கணினிகளுக்கு அது ஐபிபி பிரிண்டராகவே தெரியும். புள்ளிக்கணக்கு முழுவதும் அந்த ஒரு கணினியிலேயே நடந்துவிடும். பழைய பிரிண்டரைத் தூக்கி எறிவதற்கு முன் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டிய வழி இது. இதற்காக ராஸ்ப்பெர்ரி பை என்ற, வேறு வகைச் செயலி கொண்ட சிறு கணினியை வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும்: தயாரிப்பாளர்கள் தரும், மூல நிரல் வெளியிடப்படாத சில டிரைவர்கள் இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டுமே கிடைக்கும், ராஸ்ப்பெர்ரி பையில் ஓடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பட்டியலில் பிரிண்டர் தெரியவில்லை என்றால், அப்போது நெட்வொர்க்கைப் பாருங்கள். கணினி 224.0.0.251 என்ற முகவரியில் "இங்கே பிரிண்டர் உண்டா?" என்று எல்லோரையும் நோக்கிக் கேட்கிறது. அந்தக் கேள்வி சாதாரணமாக ரூட்டரைத் தாண்டாது. விருந்தினர் வைஃபையிலிருந்தும் பெரும்பாலும் போய்ச் சேராது. கணினியையும் பிரிண்டரையும் ஒரே வலையில் வையுங்கள். அதற்கு வழியில்லை, ஆனால் ரூட்டர் குறுக்கே தடுக்கவில்லை என்றால், பிரிண்டரின் ஐபி முகவரியைக் கையால் கொடுத்துச் சேர்க்கலாம். அப்புறம் அந்த முகவரி மாறாதபடி ரூட்டர் அமைப்பில் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.