இறக்கைக்கு உள்ள இருக்கற வட்டம்

எங்க மாமா கிழக்கு ஜெர்மனிக்கு ட்ரெயினிங் போயிட்டு வந்தப்போ ஒரு பிளாஸ்டிக் ஏரோப்ளேன் கிட், அதாவது துண்டு துண்டா வர்றதை நாமளே பசை போட்டு ஒட்டற பொம்மை, வாங்கிட்டு வந்தாரு, இலுஷின் 62ங்கற சோவியத் பயணிகள் விமானம், பெரம்பூர் வீட்டு ஷோகேஸ்ல இன்னும் இருக்கு. நிஜ விமானம் 53 மீட்டர் நீளம், இது 53 சென்டிமீட்டர், அப்படியே நூத்துல ஒரு பங்கு. செஞ்சது பிளாஸ்டிகார்ட்னு கிழக்கு ஜெர்மனில சாக்ஸனி பக்கம் இருந்த அரசு கம்பெனி.

போன மாசம் பசை விட்டு இறக்கை ரெண்டா பிரிஞ்சுச்சு, உள்பக்கம் பாத்தா சட்டை பட்டன் சைஸ்ல வட்ட வட்டமா தழும்பு. அம்பத்தூர்ல மோல்டிங் மெஷின் ஓட்டறவங்க யாரைக் கேட்டாலும் உடனே சொல்லுவாங்க, அது எஜெக்டர் பின் தள்ளின இடம். பாலிஸ்டைரீன் குருணைய 200 டிகிரிக்கு மேல சூடாக்கி, தேன் மாதிரி ஆனதும் மெஷினுக்குள்ள இருக்கற பெரிய ஸ்க்ரூ அதை பயங்கர பிரஷர்ல ஸ்டீல் மோல்டுக்குள்ள, அதாவது அச்சுக்குள்ள, தள்ளும், மோல்டுல தண்ணி ஓடிட்டே இருக்கறதால சில செகண்ட்லயே இறுகிடும், மோல்டு திறக்கும், பின் வந்து பீஸை வெளிய தள்ளும், உடனே அடுத்த ஷாட். தடிமனா இருக்கற இடத்துல மட்டும் மேல்தோல் முதல்ல இறுகி, உள்ள இருக்கறது லேட்டா சுருங்கி அதை உள்ள இழுக்கும், அதனாலதான் கிட்ல அங்கங்க லேசா குழி விழும்.

இதுல காசு முழுக்க மோல்டுலதான். பிளாஸ்டிக் சல்லிசு, ஆனா ஸ்டீலை மைக்ரான் கணக்குல குடையணும், ஒரே மோல்டுல லட்சக்கணக்குல அடிச்சாதான் அந்தச் செலவு ஒவ்வொரு பொட்டிக்கும் சில்லறையா பிரியும். கிழக்கு ஐரோப்பா, சோவியத்துன்னு வாங்க ஆள் இருந்த வரைக்கும் கணக்கு சரியா வந்துச்சு, அதே விமானத்தை வருஷக்கணக்கா அடிச்சாங்க.

1990 ஜூலை 1 அன்னிக்கு கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கு ஜெர்மன் காசான மார்க் வந்துச்சு. சம்பளம் ஒண்ணுக்கு ஒண்ணு அந்த மார்க்ல, 1991ல இருந்து வாங்கற சோவியத் பக்கமும் மார்க் மாதிரி மேற்கத்திய காசுலதான் தரணும்னு ஆச்சு, அவங்ககிட்ட அது போதுமான அளவு இல்ல. உள்ளூர் கடைல மேற்கத்திய கிட் வேற வந்து குவிஞ்சுச்சு. எண்ணிக்கை விழுந்தா ஒரு பொட்டியோட விலை ஏறும், ஏறினா இன்னும் விழும். அங்க வேலை செஞ்சவங்க மோசமா செஞ்சாங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன், இறக்கைல அந்த பேனல் கோடுங்க, நிஜ விமானத்துல தகடுங்க சேர்ற இடத்தைக் காட்டறது, எவ்வளவு மெல்லிசா இருக்கு தெரியுமா.

ஆனா ஸ்டீல் அவ்வளவு சீக்கிரம் சாகாது. சில மோல்டுங்க கை மாறி, ரைஃப்ரான்னு வேற பேர் போட்ட பொட்டில அதே விமானங்க திரும்ப வந்துச்சு. மோல்டு அதேன்னா பின்னும் அதே, அந்த வட்டமும் எங்க மாமாவோட இறக்கைல இருக்கற அதே இடத்துலதான் விழும்.