ஸ்கின்: தோலா, சட்டையா?

கணினியில் ஸ்கின் என்பது ஒரு நிரலின் வேலையைத் தொடாமல் அதன் முகத்தை மட்டும் மாற்றுகிற கோப்பு, அல்லது கோப்புகளின் கட்டு. பாட்டை ஓட்டுவது நிரல்தான். பொத்தானின் உருவம், நிறம், எழுத்து எல்லாம் ஸ்கின்னிலிருந்து வரும். கழற்றிப் போட்டால் நிரலுக்கு ஒன்றும் ஆகாது. தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதை இந்தக் கழற்றல்தான் முடிவுசெய்கிறது.

ஆங்கிலத்துக்கு இது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். அங்கே இது முதலில் குறித்தது உடம்போடு ஒட்டிய தோலை அல்ல. விலங்கிலிருந்து உரித்தெடுத்த தோலை, அதாவது விற்கவும் வாங்கவும் போர்த்திக்கொள்ளவும் கூடியதை. மனிதத் தோல், பழத்தோல் எல்லாம் பிறகு வந்த பொருள்கள். கணினிக்காரர்கள் தெரியாமலே பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

1996இல் வெளிவந்த குவேக் விளையாட்டில் வீரனின் முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்தும் படத்துக்கு ஸ்கின் என்று பெயர். இன்று பிள்ளைகள் துப்பாக்கிக்குக் காசு கொடுத்து ஸ்கின் வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். கணினித் திரைக்கு இச்சொல்லைப் பரப்பியது வின்ஆம்ப் என்ற பாட்டுப்பெட்டி நிரல். அதன் ஸ்கின் கோப்பு வேறொன்றுமில்லை, பெயரின் வால் மாற்றப்பட்ட ஜிப் கோப்பு. பிரித்துப் பார்த்தால் உள்ளே சில பிட்மேப் படங்களும் இரண்டொரு உரைக்கோப்புகளும் இருக்கும். முதன்மைச் சாளரத்தின் படம் சரியாக 275க்கு 116 புள்ளிகள். பாட்டை ஓட்டும், நிறுத்தும் பொத்தான்கள் ஒரே படத்தில் இரண்டு வரிசையாக நிற்கும்: மேலே சும்மா இருக்கும்போது, கீழே அழுத்தும்போது. ஒரு புள்ளி தள்ளி வரைந்தாலும் பக்கத்துப் பொத்தானின் ஓரம் இதில் எட்டிப் பார்க்கும். அளவெடுத்துத் தைத்த துணி மாதிரிதான்.

ஸ்கின்னோடு எப்போதும் குழம்புகிற சொல் தீம். கிரேக்கத்தில் 'தேமா' (நம் யாப்பில் புளிமாவோடு வரும் தேமா அல்ல) என்றால் வைக்கப்பட்டது, பேச்சுக்கு முன்வைத்த பொருள். மாநாட்டின் தீம், கட்டுரையின் தீம் என்பதெல்லாம் அந்த வழி. இதைக் கருப்பொருள் என்று எழுதிப் பழகிவிட்டு, விண்டோஸ் தீமுக்கும் அதையே ஒட்டவைப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. 1995இல் விண்டோஸ் 95க்குத் துணையாக மைக்ரோசாஃப்ட் விற்ற 'பிளஸ்!' தொகுப்பில் டெஸ்க்டாப் தீம்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் பின்னணிப் படம், மவுஸ் சுட்டி, ஐகான்கள், ஒலிகள், நிறங்கள் என்று ஒரே சுவையில் கோத்த பல பொருள்கள். தொல்காப்பியம் 'கரு' என்று அடுக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான்: தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ். பறையும் யாழும் இருப்பதால் ஒலிக்குக்கூட இடம் உண்டு! ஆனால் அங்கே கரு என்பவை உறுப்புகள். அவை சேர்ந்து அடையாளம் காட்டும் முழுமைக்குப் பெயர் திணை. அப்படிப் பார்த்தால் பின்னணிப் படம் ஒரு கருப்பொருள், மணியோசை ஒரு கருப்பொருள். தீம் கருப்பொருள் அல்ல.

தீமுக்குக் கோலம் என்ற சொல்லே போதும். மணக்கோலம், தவக்கோலம் என்னும்போது நாம் சொல்வது தலை முதல் கால் வரை ஒத்திசைந்த முழு ஒப்பனையை. பழனி மூலவர் ஒரே நாளில் வேடராகவும் நிற்பார், சாயரட்சையில் ராஜ அலங்காரத்திலும் நிற்பார். உள்ளே இருப்பவர் அவரேதான். வாசலில் போடும் கோலம் நினைவுக்கு வந்தாலும் குற்றமில்லை. அதுவும் முகப்பை அழகாக்கும் வேலை.

இனி ஸ்கின். 'தோல்' என்று நேராக மொழிபெயர்ப்பது எளிது, ஆனால் காதில் விழும்போது சங்கடம். 'தோலை மாற்று' என்று ஒரு பட்டியலில் எழுதிப் பாருங்கள். தமிழில் உயிருள்ளதன் தோலை உரிப்பது மிரட்டல். 'உறை' என்றால் தலையணை உறை, கடித உறை போல முழுதாக மூடி மறைப்பது. ஸ்கின் மறைப்பதில்லை, காட்டுகிறது. 'மெய்ப்பை' என்று முல்லைப்பாட்டில் ஒரு நல்ல சொல் உண்டு, யவனர் போட்டிருந்த சட்டைக்கு. ஆனால் இன்று யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அதைப் புழங்க முடியாது.

சட்டை என்பதுதான் சரி. இதற்குத் தமிழில் ஏற்கெனவே இரண்டு பொருள்: உடுப்பது ஒன்று, பாம்பு உரிப்பது இன்னொன்று. 'பாம்பு சட்டை உரிச்சிருக்கு' என்று வரப்பில் காட்டும்போது தோலும் துணியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இந்த ஒப்புமை புதிதும் அல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கொடுத்த துணி 'அரவுரி அன்ன அறுவை': இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்புரி போன்ற மெல்லிய ஆடை. யாழ்ப்பாணத்தில் சட்டை என்றால் பெண்பிள்ளைகள் போடும் கவுன், ஆண்கள் போடுவது சேட்டு. எந்தக் கரையில் படித்தாலும் அது போட்டுக் கழற்றுகிற பொருள்தான்.

பொருத்தத்தைச் சோதிக்க ரெயின்மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கான இலவச, திறந்த மூல நிரல். கடிகாரம், பேட்டரி அளவு, வானிலை எனத் திரைமுகப்பின் மேல் நீங்கள் வரைய நினைப்பதை வரைந்து காட்டும். ஒவ்வொரு வரைவும் அங்கே ஒரு ஸ்கின். டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் ரெயின்மீட்டர், அதற்குள் ஸ்கின்ஸ், அதற்குள் உங்கள் கோப்புறை, அதில் 'ஐஎன்ஐ' என்று முடியும் ஓர் உரைக்கோப்பு. கோப்புக்குள் இரண்டு வகை உறுப்பு: அளவெடுக்கும் மெஷர், அதைக் காட்டும் மீட்டர். நேரம் காட்ட, டைம் மெஷரில் சதவீதக் குறியோடு பெரிய 'எச்', முக்காற்புள்ளி, சதவீதக் குறியோடு பெரிய 'எம்'. அந்த எம்மைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் நிமிடத்துக்குப் பதில் மாத எண் வந்து உட்காரும். ஜூலை முழுதும் கடிகாரம் 07இல் நிற்கும், நிரல் பழுதென்று திட்டுவோம்.

தமிழில் ஸ்கின் செய்பவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் வேறு. கோப்பில் 'வணக்கம்' என்று எழுதிச் சேமித்தால், திரையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மும்மூன்று அந்நியக் குறிகள் வரிசைகட்டும். காரணம் எழுத்துரு அல்ல. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் இயல்பாக யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில், அதாவது எழுத்தை எண்ணாக மாற்றும் ஒரு முறையில், சேமிக்கிறது. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ரெயின்மீட்டர் அதைப் பழைய ஒற்றை பைட் முறையாக எண்ணி மூன்று எழுத்தாகப் படிக்கிறது. 'சேவ் ஆஸ்' கொடுத்து, கீழே குறியாக்கத்தில் யூடிஎஃப்-16 எல்இ தேர்ந்து சேமித்து, ஸ்கின்னை ரிஃப்ரெஷ் செய்தால் 'வணக்கம்' வரும்.

எழுத்துருச் சிக்கல் அதற்குப் பிறகு. பழைய ஸ்கின்களில் லதா என்று இருக்கும். விண்டோஸ் 10இல் லதா தனியே சேர்க்க வேண்டிய கூடுதல் எழுத்துருவாகிவிட்டது. நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். வேறு எழுத்துரு வேண்டுமானால் ஸ்கின்னின் ரிசோர்சஸ் (பெயருக்கு முன் @ குறி வேண்டும்) கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று திறந்து கோப்பை அதில் போடலாம். ஆனால் ஐஎன்ஐயில் எழுத வேண்டியது எழுத்துருவின் குடும்பப் பெயர், கோப்பின் பெயரல்ல. கிழமையும் மாதமும் இயல்பில் ஆங்கிலத்திலேயே வரும். டைம் மெஷரில் ஃபார்மட்லோக்கேல் என்பதற்கு லோக்கல் என்று கொடுத்தால் விண்டோஸின் வட்டார அமைப்பைப் பின்பற்றும், அங்கே தமிழ் இருக்க வேண்டும். வந்தபின் ஒரு சில்லறைத் தொல்லை: நேற்று 'புதன்' அளவுக்கு அகலமெடுத்த சாளரம், நள்ளிரவில் 'வியாழன்' வந்ததும் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும். டைனமிக்விண்டோசைஸ் 1 என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஸ்கின் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் என்று சொல்லும் அப்டேட் எண்ணில் கைவைக்கும் முன் கணக்குப் போடுங்கள். அது மில்லிநொடியில், 1000 என்றால் நொடிக்கு ஒரு முறை. அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டுமென்று 16 வைத்தால் நொடிக்கு 60 முறைக்கு மேல் வரையும், மடிக்கணினியின் விசிறி அதை உங்களுக்கு அறிவிக்கும். வானிலை ஸ்கின்களில் விளைவு இன்னும் மோசம். இணையப் பக்கத்தைப் படிக்கும் வெப்பார்சரின் இடைவெளி அப்டேட்டின் 600 மடங்கு என்றே இயல்பில் இருக்கும். 1000க்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, 100 என்று குறைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை. அந்தத் தளம் உங்களைத் தடுத்துவிட்டால் அதன்மேல் கோபப்பட முடியாது.

ரெயின்மீட்டர் விண்டோஸின் எந்தக் கோப்பையும் தொடுவதில்லை, மேலே வரைவதோடு சரி. ஆகவே அது சட்டை. ஆனால் சாளரத் தலைப்பட்டை, பணிப்பட்டையையே மாற்றுகிற வெளியார் விண்டோஸ் தீம்கள் வேறு இனம். விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதல் மைக்ரோசாஃப்டின் கையொப்பமில்லாத பாணிக்கோப்பை அமைப்பு ஏற்காது. ஏற்கவைக்க யூஎக்ஸ்தீம் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்துவார்கள். பாணிக்கோப்பு விண்டோஸின் குறிப்பிட்ட ஒரு பதிப்புக்காகச் செய்தது. பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்ததும் இரண்டும் பொருந்தாமல், உள்நுழைந்தால் கறுப்புத் திரை மட்டும் நிற்கலாம். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் மீட்புப் புள்ளி எடுத்துவைக்காமல் அதில் இறங்காதீர்கள். இதைச் சட்டை என்று சொல்லக் கூடாது. இங்கே வேண்டுமானால் தோல் என்ற சொல்லை விட்டுக்கொடுக்கலாம், உரிந்தால் வலிக்கும்.

பெயர் கிடைத்துவிட்டால் வினைகள் தானாக வரும். ரெயின்மீட்டரின் மேனேஜ் சாளரத்தில் லோட் என்பது அணி, அன்லோட் என்பது கழற்று, ரிஃப்ரெஷ் புதுப்பி. அன்லோடை 'நீக்கு' என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். படிப்பவர் கோப்பே அழிந்துவிடும் என்று பயந்து பொத்தானைத் தொடமாட்டார். கழற்றிய சட்டை ஸ்கின்ஸ் கோப்புறையில் மடித்து வைத்தபடியே கிடக்கும்.